முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்

பிள்ளைகள் சேராமல் மூடிப்போன மெட்ரிக் பள்ளிக்கூடத்தை அப்படியே சிறுநீரக மருத்துவ மையமாக மாற்றினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருப்பார்களா? யோசித்திருந்தால் திண்டிவனத்தில் அந்த மையத்தைத் திறந்திருக்க மாட்டார்கள், எனக்கும் இதை எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

கட்டடம் அதே கட்டடம். பெஞ்சும் அதே பெஞ்சு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்தது என்பதால் பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி மோவாய்க்கு வந்துவிடும். வாய்ப்பாடு எழுதிய சுவரை ஒட்டி ரத்தம் எடுக்கிற மேசை. பள்ளிக்குக் கரஸ்பாண்டன்டாக இருந்த சக்கரபாணி மையத்துக்கும் கரஸ்பாண்டன்டாகவே தொடர்ந்தார். ஆஸ்பத்திரிக்கு எதற்கையா கரஸ்பாண்டன்ட் என்று கேட்க ஊரில் ஆளில்லை. அவருடைய அறக்கட்டளைக்கு ஒரு மருந்துக் கம்பெனி, சிறுநீரக நோய்க்கு வந்திருக்கும் புது மாத்திரையை இலவசமாகத் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. பதிலுக்குக் கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வருஷக் கடைசியில் நல்ல ரிசல்ட். அந்த வார்த்தையைக் கேட்டதும் தனக்கு உடம்பெல்லாம் புல்லரித்ததாகச் சக்கரபாணியே பிற்பாடு மேடையில் சொன்னார்.

இந்த மையத்துக்குத்தான் இருதயராஜ் தன் மனைவி சவுரியம்மாளை அழைத்துக்கொண்டு வந்தார். இருதயராஜ் வானூர் பக்கத்துக் கிராமத்தில் கொத்தனார். சவுரியம்மாள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளில் களை எடுக்கப் போகிறவள். பல வருஷமாகச் சக்கரை. கொஞ்ச நாளாகக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, மூத்திரம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு போனது. தெருவில் ஆளாளுக்கு "கிட்னி ஃபெயிலு" என்று சொல்லிவிட்டார்கள். புதுச்சேரி கிட்டேதான், ஆனால் புது மாத்திரை இலவசமாகக் கிடைப்பது திண்டிவனத்தில்தான் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் பானுப்ரியா படித்து முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்த பெண். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, உங்க ரெண்டு கிட்னியும் சேர்ந்து நூத்துக்கு முப்பத்தேழு வேலை செய்யுது. போனது போனதுதான். ஆனா இருக்கறத அப்படியே புடிச்சி வெக்கறதுக்கு இப்ப புதுசா மாத்திரை வந்திருக்கு. டயாலிசிஸ் பக்கமே போவாம பல வருஷம் தள்ளலாம்."

இருதயராஜ் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர். நூற்றுக்கு என்று ஆரம்பிக்கிற எந்த எண்ணையும் அவர் ஒரே ஒரு எண்ணோடு வைத்துத்தான் பார்ப்பார்.

"முப்பத்தஞ்சுக்கு மேலதானங்க டாக்டரம்மா? அப்ப பாஸுதான?"

"அப்படி இல்லைங்க, இது வந்து…"

"ஊர்ல ஃபெயிலு ஃபெயிலுன்னு சொல்லிக்கினு ஒரே பேஜாரு பண்ணிட்டானுங்க டாக்டரம்மா. சவுரி, நீ பாஸுடி!" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சவுரியம்மாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிலோ பாஸாகிவிட்டோம் என்று கூச்சத்தோடு சிரித்தாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை அவர் ரொம்ப அழுத்தமாகச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல இந்த நம்பர் கொஞ்சம் எறங்கும். பயப்படக் கூடாது. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்பறம் எறங்காம நின்னுடும். நிறுத்திடாதீங்க, என்ன?"

"புதுசா கட்டிக்கினு வந்த பொண்ணு மொதல்ல கொஞ்சம் எளைக்கும், அப்பறம் தேறிக்கும். அந்த மாரிதான?" என்றாள் சவுரியம்மாள்.

"அதேதாம்மா" என்றார் டாக்டர். மருத்துவம் அதோடு முடிந்தது. மீதியெல்லாம் கல்வி.

ஏனென்றால் கதவுக்குப் பின்னால் சக்கரபாணி நின்றுகொண்டிருந்தார். ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் வந்து வகுப்பறை வாசலில் நின்று கேட்பது அவருக்குப் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். கொத்தனார் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவர் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த தடவை புருஷனும் பெண்டாட்டியும் மாத்திரை வாங்கப் போனபோது வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் தொங்கியது. "சிறுநீரகத் தேர்ச்சித் திட்டம். 35 எடுத்தால் பாஸ்!" நோயாளிகளை வரிசையில் நிறுத்திப் பிரார்த்தனைக் கூட்டம். கழுத்தில் மாட்ட அடையாள அட்டை. பெண்களுக்கு இடது பக்கம், ஆண்களுக்கு வலது பக்கம். சவுரியம்மாள் கால் வீக்கத்தோடு வெயிலில் நின்றாள். சக்கரபாணி மைக்கைப் பிடித்தார்.

"இவ்ளோ நாளா டாக்டருங்க என்ன பண்ணாங்க? கிரியாட்டினின்னாங்க, அது இதுன்னாங்க. ஜனங்களுக்குப் புரிஞ்சுதா? இல்ல. பாஸு, ஃபெயிலு, இது ரெண்டுதான் தமிழனுக்குப் புரியும்! இத எனக்குச் சொல்லிக் குடுத்தவரு ஒரு சாதாரண கொத்தனாரு. வாங்க இருதயராஜ், முன்னால வாங்க!"

இருதயராஜ் முன்னால் போனார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சவுரியம்மாளைப் பார்த்தார். அவள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதாமாதம் ரத்தம் எடுப்பதற்கு மாதாந்திரத் தேர்வு என்று பெயர் வைத்தார்கள். மார்க்குகளைக் கரும்பலகையில் எழுதினார்கள். எண்பதுக்கு மேல் பச்சை சாக்பீஸ், முப்பத்தைந்துக்கு மேல் மஞ்சள், முப்பத்தைந்துக்குக் கீழே சிவப்பு. சிவப்பில் பெயர் வந்தவர்கள் கடைசி பெஞ்சு. கடைசி பெஞ்சுக்கு ஃபேன் கிடையாது, ஏனென்றால் சுகம் கண்டால் முன்னேற மாட்டார்களாம்.

தேர்வு என்று ஒன்று வந்தால் டியூஷன் வராமல் இருக்குமா? எதிர்ப்புறத்து ஜூஸ் கடைக்காரர் "பாஸ் ஜூஸ்" என்று எழுதிப்போட்டார். வாழைத்தண்டும் இளநீரும் இன்னும் என்னென்னவோ கலந்தது. ஒரு வாரம் குடித்தால் பத்து மார்க் ஏறும் என்று வாக்குக் கொடுத்தார். டாக்டர் பானுப்ரியா ஒவ்வொருவரிடமும் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "உப்புச் சத்து ரத்தத்துல ஏறிடும்யா, நெஞ்சு நின்னுடும், குடிக்காதீங்க." ஆனால் டாக்டர் மார்க் போடுகிறவர் இல்லையே. பெரியதம்பி என்று மேல்மலையனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், சொந்தக் காணியும் கிணறும் உள்ள மனிதர், கடைசி பெஞ்சில் கூலிக்காரர்களோடு உட்கார மனசில்லாமல் சொம்பு சொம்பாகக் குடித்தார். தேர்வுக்கு வருகிற வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கண்டக்டர் அவரைத் தூக்கம் என்று நினைத்து டிக்கெட் கேட்டு எழுப்பிப் பார்த்தாராம்.

கரும்பலகையில் பெரியதம்பி பெயருக்கு நேரே "ஆப்சென்ட்" என்று எழுதியிருந்தது. இருதயராஜ் கவுண்டரில் இருந்த ஜெசிந்தாவிடம் மெதுவாகச் சொன்னார், "அவுரு செத்துட்டாரும்மா."

"தெரியும்ண்ணா" என்றாள் ஜெசிந்தா. "செத்தவங்களுக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இல்ல, ஆப்சென்ட்டுக்குத்தான் இருக்குது. சாரு சொல்றாரு, ஆப்சென்ட்டு ஃபெயில்ல சேராதாம். பர்சன்டேஜ் கொறையாதாம்."

அந்த மாதம்தான் சவுரியம்மாளின் மார்க்கும் வந்தது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குக் கால் வீக்கம் வடிந்திருந்தது. செருப்பு நுழைந்தது. மூச்சு இரைக்காமல் ஒரு பாத்தி களை எடுக்க முடிந்தது. கேப்பைக் கூழை அளவாகக் குடித்து, உப்பைக் குறைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறோம் என்ற தெம்பில் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸில் அவள் பெயர். முப்பத்திமூன்று.

பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். அவளுடைய அப்பா அம்மா வானூர்க் கல்லறையில் இருக்கிறார்கள் என்பதால் புருஷனே பெற்றோராகப் போய் நின்றார். சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருதயராஜும் சவுரியம்மாளும் நின்றார்கள். பக்கத்தில் டாக்டர் பானுப்ரியாவும் நின்றார்.

"என்னங்க இது? முப்பத்தேழு இருந்தது. இப்ப முப்பத்திமூணு. வீட்ல கவனிக்கிறீங்களா இல்லையா?"

"கவனிச்சிக்கினுதாங்க இருக்கோம். வீக்கங்கூட வத்திட்டுது பாருங்க. காலக் காட்டு சவுரி."

"கால எதுக்குக் காட்டற? காலுக்கா மார்க்கு?"

டாக்டர் குறுக்கிட்டார். "சார், இந்த மாத்திரைக்கு ஆரம்பத்துல இப்படி எறங்கும் சார். நல்ல அறிகுறி சார் அது. நிறுத்தினாத்தான் ஆபத்து. அவங்களுக்கு யூரின்ல போற புரதம் பாதியாக் கொறைஞ்சிருக்கு. இந்த மாத்திரை யாருக்கு வேலை செய்யுதுன்னு கேட்டா நான் மொதல்ல இவங்களத்தான் சார் காட்டுவேன்."

"டாக்டர் மேடம், அதெல்லாம் உங்க சப்ஜெக்ட். நான் முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தினவன். பப்ளிக் எக்ஸாம் வரும்போது ஃபெயிலாவற பையன என்ன பண்ணுவோம்? அவன் நல்லதுக்காகவே டி.சி. குடுத்து அனுப்பிடுவோம். எங்க ஸ்கூல் இருபத்திரண்டு வருஷம் நூறு சதவீதம். எப்படி? ஃபெயிலாவறவன் பரீட்சை எழுதும்போது எங்க ஸ்கூல்ல இருக்க மாட்டான். இவ்ளோதான் ரகசியம்."

இதைச் சொல்லும்போது சக்கரபாணியின் முகத்தில் பெருமையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒளித்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"எங்களுக்கு மாத்திரை மட்டும் குடுத்துடுங்க சார்" என்றார் இருதயராஜ். "மார்க்கே வாணாம். போர்டுல பேர அழிச்சிடுங்க. ஓரமா வந்து வாங்கிக்கினு ஓரமாவே போயிடறோம்."

"பேரில்லாதவங்களுக்கு எப்படி மாத்திரை குடுக்கறது? நியாயமா பேசுங்க."

டி.சி. கொடுத்தார்கள். நிஜமாகவே மாற்றுச் சான்றிதழ்தான், பழைய பள்ளியில் மிஞ்சிக் கிடந்த தாளில். மாணவர் பெயர் என்ற இடத்தில் சவுரியம்மாள். நடத்தை: நன்று. விலகும் காரணம்: சொந்த விருப்பம். அறக்கட்டளையின் விழுப்புரம் கிளையில் சேர்ந்துகொள்ளலாம் என்று இலவச ஆலோசனையும் கொடுத்தார்கள். வராந்தாவில் டாக்டர் பானுப்ரியா ஓடி வந்து, தன் கைப்பையில் இருந்த சாம்பிள் மாத்திரை அட்டை ஒன்றைச் சவுரியம்மாளின் உள்ளங்கையில் திணித்தார். "இது தீர்றதுக்குள்ள விழுப்புரத்துல வாங்கிடுங்கம்மா. ஒரு நாள்கூட விடாதீங்க." அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவரால் முடிந்தது ஒன்றுமில்லை. அடுத்த மாதம் அவரும் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார்.

மருந்துக் கடையில் கேட்டார்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடி விலையைச் சொன்னார், ஆர்டர் போட்டால்தான் வரும் என்றார். இருதயராஜ் வணக்கம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

விழுப்புரம் கிளை பஸ் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடியில் இருந்தது. சிறுநீரக நோயாளிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதற்கு வசதியாக மாடியில் வைத்திருந்தார்கள். அங்கே ஒருங்கிணைப்பாளர் மணிமாறன். மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் இல்லை என்று சொன்னார்.

"சொந்த விருப்பத்துல வந்திருக்கீங்க. நடு வருஷத்துல சொந்த விருப்பத்துல வர்றவங்களுக்கு மாத்திரை குடுக்க ரூல் இல்லைங்கய்யா. ஜூன்ல அட்மிஷன். அப்ப வாங்க."

"எங்க விருப்பம் இல்லீங்க. அவுங்களா எழுதிட்டாங்க."

"எழுதறவங்க எழுதறதுதாங்க விருப்பம்."

"அதுவரிக்கும் மாத்திரை இல்லாட்டி கிட்னி தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சிங்க."

"தாங்கணும்ங்கய்யா. ஜூன்ல முப்பத்தஞ்சு இருந்தாத்தான் சேத்துப்போம்."

இருதயராஜ் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், "மாத்திரை போட்டாத்தான் நம்பரு நிக்கும். நம்பரு நின்னாத்தான் மாத்திரை குடுப்பீங்களா?"

"கரெக்டாப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்றார் மணிமாறன், மனசாரப் பாராட்டி. "நெறைய பேருக்கு இது புரியறதே இல்ல. மாத்திரைங்கறது ஒரு ஊக்கப் பரிசுங்கய்யா. ஃபெயிலானவங்களுக்கும் குடுத்துட்டா பாஸானவங்க மனசு என்ன பாடுபடும்?"

"பாஸானவங்களுக்கு மாத்திரை எதுக்குங்க?"

மணிமாறனிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். "இன்னொரு டம்ளர் தண்ணி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

சாம்பிள் அட்டை தீர்ந்தது. கூடவே கொடுத்துவந்த ரத்த அழுத்த மாத்திரையையும் திண்டிவனத்தில் நிறுத்திவிட்டார்கள், விழுப்புரத்தில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. சவுரியம்மாளுக்குக் கால் மறுபடியும் வீங்கியது. உடம்பெல்லாம் வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு களை எடுக்கப் போனாள். அது சிறுநீரகத்துக்கு விஷம் என்று சொல்ல டாக்டர் பானுப்ரியா ஊரில் இல்லை. ஒரு நாள் கொல்லையிலேயே மயங்கி விழுந்தாள். விழுப்புரத்தில் ரத்தம் பார்த்தபோது இருபத்தாறு. ஜூன் வந்தபோது பத்தொன்பது. மணிமாறன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமேம்மா" என்றார்.

"பண்ணந்தாங்க" என்றாள் சவுரியம்மாள். "அது கேக்கல."

இதற்கிடையில் திண்டிவனம் எங்கேயோ போய்விட்டது. ஃபெயிலாகிறவர்களை அனுப்புவது மட்டும் போதாது, நன்றாகப் படிக்கிறவர்களைச் சேர்க்க வேண்டும் என்று சக்கரபாணிக்கு ஞானோதயம். நுழைவுத் தேர்வு வைத்தார். அறுபதுக்குக் கீழே மார்க் இருக்கிற சிறுநீரகத்துக்கு இடமில்லை. நடைப்பயிற்சிச் சங்கத்து உறுப்பினர்கள், பாங்க் ஊழியர்கள், கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்று நல்ல குடும்பத்துச் சிறுநீரகங்களாகச் சேர்ந்தன. நோயாளிகள் யாரும் இல்லாததால் மையம் சுத்தமாக இருந்தது.

ரிசல்ட் விழாவுக்கு இருதயராஜுக்கும் அழைப்பு வந்தது. திட்டத்துக்கு வித்திட்டவர் என்று கௌரவிக்கப் போகிறார்களாம். போகிற மனசே அவருக்கு இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் வருவார்கள், நேரில் கையைக் காலைப் பிடித்தாவது ஓர் அட்டை மாத்திரை வாங்கிவிடலாம் என்று வேலைக்குப் போகாமல் கிளம்பினார். சவுரியம்மாளுக்கு அப்போது சோறு உள்ளே போகவில்லை, குமட்டிக்கொண்டே இருந்தது. "ஜல்தி வந்துடுய்யா" என்று மட்டும் சொன்னாள்.

முதல் மதிப்பெண் ரஞ்சித் என்று ஒரு வாலிபால் ஆட்டக்காரப் பையன். நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு. நூற்றுக்கு மேல் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை, பெருமையில் மூழ்கிவிட்டார்கள். அவனுக்கு ஒரு வருஷத்து மாத்திரையைத் தாம்பாளத்தில் வைத்து, ரோஜா மாலை போட்டுக் கொடுத்தார்கள். பையன் திருதிருவென்று விழித்தான். இதை என்ன செய்வது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். "ஷோகேஸ்ல வைப்பா" என்றார் அவர்.

சக்கரபாணி பேசினார். "உலகத்துல எந்த ஆஸ்பத்திரியாவது நூறு சதவீதம் காட்டியிருக்கா? பெரிய பெரிய நாட்டுல புது மருந்து கண்டுபுடிக்கிறாங்களாம், அதுல கொஞ்சம் பேரு பொழைக்கிறாங்களாம், கொஞ்சம் பேரு சாவறாங்களாம். என்னங்க மருந்து அது? நம்ம சென்டர்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு ஃபெயில் இல்ல! காரணம் என்ன? டிசிப்ளின்!"

கம்பெனிப் பிரதிநிதி எழுந்து, தங்கள் மருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தங்களுக்கே தெரியாது என்றார். அது மட்டும்தான் அன்றைக்குப் பேசப்பட்ட உண்மை.

இருதயராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக் பக்கமாகக் குனிந்தார். "சார், எனுக்கு சால்வ வாணாம் சார். எம் பொண்டாட்டிக்குப் பத்தொம்போதுதான் இருக்குது. ஒரே ஒரு அட்ட மாத்திர குடுங்க சார், உங்க கால்ல வுழறேன்." வாத்தியக்காரர்களுக்கு யாரோ கை காட்டினார்கள். மேளம் ஆரம்பித்தது. கீழே இறங்கும்போது ஒருவர் அவர் தோளைத் தட்டி, "பத்தொம்போதா? நாங்க சேத்துக்கறதே அறுவதுலேருந்துதாங்க" என்று தகவல் சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் சவுரியம்மாளின் சிறுநீரகங்கள் நின்றுபோயின. இடது கையில் நரம்பைக் கிழித்து இணைத்து, வாரத்துக்கு மூன்று நாள் விழுப்புரம் கிளையின் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைத்தார்கள்; அதற்கு மட்டும் மார்க் கேட்கவில்லை. போகவர ஒரு நாள், மெஷினில் பாதி நாள். களை எடுக்கிற வேலை போயிற்று. அவளைக் கூட்டிக்கொண்டு அலைவதால் இருதயராஜுக்கும் பாதி வேலை போயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் என்பதால் மழை பெய்கிற சத்தம் கேட்டால் அவள் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள்.

டயாலிசிஸ் நன்றாக ஓட ஆரம்பித்ததும் அதற்கும் ஒரு திறப்பு விழா வேண்டும் என்று அறக்கட்டளைக்குத் தோன்றியது. ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற அறையின் வாசலில் ரிப்பன் கட்டினார்கள். மேலே பலகை: "அரியர் மாணவர் சிறப்புப் பயிற்சி மையம்." நோயாளிகள் எல்லோரும் மெஷினில் இருக்கிற நேரமாகப் பார்த்து விழா வைத்தார்கள், அப்போதுதான் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். நர்ஸ்களைத் தட்டோடும் சந்தனத்தோடும் வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். சக்கரபாணி ரிப்பனை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் மணிமாறன், வீடியோக்காரர், இன்னும் சிலர். மைக் தேவையில்லாத சின்ன அறை. ஆனாலும் மைக் வைத்திருந்தார்கள்.

"நீங்க யாரும் ஃபெயிலு கிடையாது!" என்று ஆரம்பித்தார் சக்கரபாணி. "மனசுல அந்தத் தாழ்வு மனப்பான்மை வேணாம். பாஸானவங்க மாசா மாசம் பரீட்சை எழுதிக்கிட்டே இருக்கணும், எவ்ளோ டென்ஷன்! உங்களுக்கு இனிமே பரீட்சையே கெடையாது. மார்க்கும் கெடையாது. நிம்மதி!"

சவுரியம்மாளின் மெஷின் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. துணைக்கு வந்து சுவரோரம் நின்ற இருதயராஜ் திரும்பிப் பார்த்தார். அவள் இடது கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைச் சுற்றிப் புடைத்துக்கொண்டு வந்தது. நரம்பை விட்டு ஊசி நழுவி ரத்தம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"யாருங்க அது, போன சைலன்ட்ல போடுங்க" என்றார் சக்கரபாணி.

வாசலில் நின்ற நர்ஸ் இருதயராஜின் முகத்தைப் பார்த்து ஓரடி முன்னால் வந்தாள். மணிமாறன் அவளை ஜாடையால் நிறுத்தினார். பேச்சு முடியட்டும் என்று விரலை உயர்த்திக் காட்டினார். பேச்சு அதற்குப் பிறகும் நடந்தது. நன்றி என்று சொல்லி முடித்தபோது அறையில் மெஷின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னங்க, ஒருத்தரும் கை தட்டல?" என்றார் வீடியோக்காரர். "சார் அவ்ளோ நல்லாப் பேசினாரு. கை தட்டல் இல்லாம எப்படிங்க முடிக்கறது?"

மணிமாறன் படுக்கைகளைப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரு கை மெஷினில் மாட்டியிருந்தது, அசைக்கக் கூடாது. அவர் நிலைமையைச் சட்டென்று புரிந்துகொண்டார். "அட்டெண்டர்ஸ் எல்லாம் பேஷன்ட் பக்கத்துல நில்லுங்க. அவங்க ஒரு கை, நீங்க ஒரு கை. சேத்துத் தட்டுங்க. தட்டி முடிச்சதும் கிளம்பிடலாம்."

இருதயராஜ் படுக்கையை ஒட்டி நின்று வலது கையை நீட்டினார். சவுரியம்மாள் தன் வலது கையைத் தூக்கி அதில் அடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கை தட்டியது அதுதான் முதல் தடவை. அவள் கை ஜில்லென்றிருந்தது. இடது கைப் புடைப்பு முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது, தோல் கறுத்துக்கொண்டு வந்தது.

"சத்தம் பத்தல" என்றார் வீடியோக்காரர். "இன்னொரு தடவ."

"பலமாத் தட்டுய்யா" என்றாள் சவுரியம்மாள். "தட்டுனாத்தான் இவுங்க போவாங்க. இவுங்க போனாத்தான் நர்சம்மா வரும்."

இருதயராஜ் பலமாகத் தட்டினார்.